பதினோரு பெயர்களும் ஒரு குறியும்

கைஃபா வாத்தியார் வந்ததும் வராததுமாக வெற்றிலை பாக்குபோல் மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டைகளில் நான்கை எடுத்துத் தட்டில் வைத்தார். நான்கும் வெள்ளை. வெள்ளைக் கோலா கொண்டுவருகிறவன் சுத்த மனசோடு வருகிறான் என்பது பிஸோ ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். பைந்துவுக்குச் சந்தேகம் வந்ததே அதில்தான். சந்தையில் சிவப்புக் கோலா குவிந்து கிடக்கிற மாதத்தில் ஒரு மனுஷன் தேடிப் பொறுக்கி நான்கும் வெள்ளையாகக் கொண்டுவருவானேன்? சுத்த மனசுக்கு இரண்டு போதாதா?

"எடுத்துக்கோ தங்கச்சி. நல்ல காரியமாத்தான் வந்திருக்கேன்" என்றார் வாத்தியார்.

"கெட்ட காரியத்துக்கு வர்றவங்களும் அப்படித்தானே அண்ணே சொல்றாங்க" என்றாள் பைந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு கொட்டையைப் பிளந்து பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் மென்ற பிறகே தன் பாதியை வாயில் போட்டாள்.

பைந்துவின் சந்தேகத்தைப் பற்றி ஊரில் கேலி உண்டு. தான் கொளுத்திய புகையடுப்பில் தன் மீன்தான் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள் என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். சண்டைக் காலத்தில், பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு லாரி வந்து நின்றபோது, ஊரே முண்டியடித்து ஏறியது. லாரிக்காரன் அளவுக்கு மீறி இனிக்க இனிக்கப் பேசுகிறானே என்று பைந்து மட்டும் இறங்கி, மகளை இழுத்துக்கொண்டு சதுப்புக் காட்டுக்குள் போனாள். லாரியில் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவளிடம் போய் சந்தேகப்படாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"உங்க அப்பாவோட புத்தகம் இருக்கில்ல? நம்ம எழுத்துல எழுதினது?" என்று கேட்டார் வாத்தியார்.

"இருக்கு."

"அதுல பதினோரு பேர் எழுதின பக்கம் ஒண்ணு இருக்கும். அது முழுசா இருக்கா?"

அந்தப் பக்கத்தைப் பற்றி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவள் முப்பத்தைந்து வருஷமாக நினைத்திருந்தாள். ஒருவர் அவள் அப்பா, மண்ணுக்குள் இருக்கிறார். இன்னொருத்தி அவள். மூன்றாவதாக இந்த வாத்தியாருக்கு எப்படித் தெரிந்தது? அதுவும் எத்தனை பெயர் என்பது வரைக்கும்?

"எலி கடிச்சிருக்கும். பாக்கணும்" என்றாள்.

"பாரு. பாத்துட்டு என்கிட்ட மட்டும் சொல்லு. வேற யார்கிட்டயும் பேச வேண்டாம்." வாத்தியார் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது? இன்னும் பன்னிரண்டு நாள்தானே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் பைந்துவை உலுக்கிவிட்டது. ஏனென்றால் கைஃபா வாத்தியார் வேறு யாரோ இல்லை. அவள் மகள் ஜெனேபாவைக் கட்டப்போகிற பையனின் தாய்மாமன். பையன் வீடு ஊர்த்தலைவர் வீடு.

அவர் போனதும் பைந்து உள்ளே போய் அரிசி வாளியின் அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். எல்லை தாண்டி முகாமுக்கு ஓடினபோது குழந்தையைக் கட்டுவதுபோல் முதுகில் துணியால் கட்டிக் கொண்டுபோன புத்தகம் அது. பாட்டனார் எழுத ஆரம்பித்து அப்பா தொடர்ந்தது. யார் பிறந்தார்கள், எந்த வருஷம் ஏரி கரை மீறியது, யார் யாரைக் கைப்பிடித்தார்கள், எல்லாம் அதில் இருந்தன. நடுவில் அந்தப் பக்கம். வரிக்கு ஒன்றாகப் பதினோரு பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் அடுத்து ஒரே மாதிரியான ஒரு குறி. அவர்கள் பேசுகிற மொழிக்கு வை என்று பெயர்; அதன் எழுத்தில் மற்றதெல்லாம் ஒலிக்கு ஒரு எழுத்து. முழுச் சொல்லுக்கே ஒற்றைக் குறி என்று பழங்காலத்தில் சில இருந்தன. இது அதில் ஒன்று. அதன் பொருள் அடிமை.

அப்பா சாகப்போகிற நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கத்துல மானம் இருக்கு. யார் கேட்டாலும் காட்டாதே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். ஒருவருடைய வேர் எது என்று இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த ஊரின் பழைய கட்டு. வாய் தவறிச் சொன்னால்கூட ஒரு செம்மறி ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பைந்து தானாகப் படித்துத் தானாகப் புரிந்துகொண்டாள். பெயர்களில் நான்காவது தாபோ. அவள் தாத்தாவின் பெயரும் தாபோ. வீட்டுப் புத்தகத்தில் வீட்டு ஆட்களைத்தானே எழுதுவார்கள்? ஆக, தன் வீடு அடிமை வழி வந்த வீடு. இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது தலைவர் வீட்டுத் தாய்மாமன் மோப்பம் பிடித்து வந்திருக்கிறார்.

மறுநாள் காலை புகையடுப்படியில் யாட்டாவிடம் பேச்சுக் கொடுத்தாள். யாட்டா பக்கத்து அடுப்புக்காரி. வாய் நீளம், ஆனால் கெட்டவள் இல்லை. கண்டல் விறகைத் தள்ளித் தள்ளி இருவரும் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி யாட்டா, தலைவர் வீட்ல பொண்ணு எடுக்கிறப்ப விசாரிப்பாங்களா?"

"விசாரிக்காமலா? ஆட்டை வாங்கினாலே வாயைத் திறந்து பல்லைப் பாக்கிறவங்க அவங்க. ஏன், உன் பொண்ணுக்குப் பல்லு சரியில்லையா?"

"பல்லெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப என்ன? உன் வீட்டுக்கு என்ன குறை? இந்த ஊர்ல மூணு தலைமுறையாப் புத்தகம் வச்சிருக்கிற வீடு. எங்க வீட்ல மீன் சுத்தின காகிதம்தான் இருக்கு."

"நேத்து வாத்தியார் வந்திருந்தாரு. கோலா கொண்டுவந்தாரு. நாலு, வெள்ளை."

யாட்டா விறகைக் கீழே வைத்தாள். "நாலா? பொண்ணு கேக்க வர்றவன்கூட நாலு கொண்டுவர மாட்டானே. ஒருவேளை உன்னைக் கேக்க வந்தாரோ?" என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தாள். பைந்து சிரிக்காததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "போன வருஷம் அந்தப் பெரிய வீட்டுக் கல்யாணம் நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? கோலா மாத்தி, துணி எடுத்து, அரிசி வரைக்கும் வந்திறங்கினப்புறம் நின்னுச்சு. ஏன்னு யாரும் சொல்லல. சொல்லவும் முடியாதுல்ல? அந்தப் பொண்ணு இன்னும் வீட்டை விட்டு வெளிய வரல."

பைந்துவுக்கு அன்று மீன் கருகியது.

வியாழக்கிழமை தலைநகரிலிருந்து லூசியா என்று ஒருத்தி வந்தாள். மன்ரோவியாவில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவள், நாற்பது வயது, பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, படமெடுக்கிற பெட்டியையும் மடிக்கணினியையும் விரித்து வைத்துவிட்டு, வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு பைந்து வீட்டுக்கு வந்தாள். ஜெனேபா மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் வைத்தாள். லூசியா சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது அக்கா, நம்பர்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். உலகம் பூரா ஒத்துக்கிட்ட நம்பர். நம்பர் கிடைச்ச எழுத்து எந்த போன்லயும் தெரியும். கிடைக்காதது வெறும் கட்டமா நிக்கும். நம்ம எழுத்து அத்தனைக்கும் பட்டியல் போட்டாச்சு. பழைய சொற்குறிகள்ல ஒண்ணு மட்டும் தகராறு."

"எது?" என்றாள் பைந்து. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

லூசியா ஒரு தாளை நீட்டினாள். வரிசையாக எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்று என்று ஏதேதோ குறிப்புகள். ஒன்றே ஒன்றுக்கு எதிரே பாதி இடம் காலியாக இருந்தது. அந்தக் குறியைப் பார்த்ததும் பைந்து தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வெளிநாட்டு நூலகம் ஒண்ணுல ஒரே ஒரு பழைய பிரதியில இது இருக்கு. ஒரே ஒரு இடத்துல. யாரோ ஒருத்தர் கிறுக்கினதா, இல்ல ஜனங்க நிஜமாவே எழுதினதான்னு நம்பர் கொடுக்கிற சபையில கேக்கறாங்க. ரெண்டாவது சான்று வேணும். வாத்தியார்தான் உங்க வீட்ல இருக்குன்னு சொன்னாரு."

"படம் எடுத்து என்ன செய்வீங்க?"

"மனுவோட சேத்து அந்தச் சபைக்கு அனுப்புவோம். அங்க யார் வேணாலும் பாக்கலாம்."

"யார் வேணாலும்னா?"

"உலகத்துல யார் வேணாலும்" என்றாள் லூசியா பெருமையாக.

பைந்து வாத்தியாரைப் பார்த்தாள். மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை. கண்ணைச் சந்திக்காத ஆளை நம்புவதற்குப் பைந்து என்ன கைக்குழந்தையா?

"இப்படிப்பட்ட சொல்லுக்கு எதுக்கு நம்பர்? போனா போகட்டுமே" என்றாள்.

"சொல்லு அசிங்கம்னு எழுத்தை விட்டா, அப்புறம் பழைய புத்தகத்தை அப்படியே எழுத முடியாது அக்கா. அந்த இடத்துல ஓட்டைதான் இருக்கும். நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் நான் கிளம்பணும். அதுக்குள்ள கொண்டுவந்துடுங்க."

லூசியா கை கழுவப் போன சமயத்தில் வாத்தியார் சட்டென்று குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, அவ படம் எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை நான் தனியா ஒரு தடவை பாக்கணும். நீயும் நானும் மட்டும். அஞ்சு நிமிஷம் போதும்."

ஆக, அதுதான் சங்கதி. எழுத்து, நம்பர், உலகம் எல்லாம் மேல்பூச்சு. தலைவர் வீட்டுக்கு ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும்.

"சரிண்ணே, நாளைக்கு" என்றாள் பைந்து, இனிக்க இனிக்க.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புகையடுப்படிக்குப் போனாள். மத்தியான வெயிலில் அங்கே யாரும் இல்லை. மீன் கீறுகிற கத்தியால் தையலை ஒட்டினாற்போல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அறுத்தாள். மகள் முகத்தை நினைத்தாள். வீட்டை விட்டு வெளியே வராத அந்தப் பெரிய வீட்டுப் பெண்ணை நினைத்தாள். காகிதத்தை மடிக்கக்கூட இல்லை, அப்படியே தணலில் போட்டாள். நூறு வருஷக் காகிதம் ஒரு மூச்சில் போயிற்று. மேலே கிடந்த மீன்களைப் பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று, அதை இல்லை என்று சொல்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாலேயே புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். நேரத்தோடு கொடுத்தால் சந்தேகம் வராது என்பது அவள் கணக்கு. லூசியா வெளியே ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பறையில் வாத்தியார் தனியாக இருந்தார்.

அவர் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். மெதுவாகப் புரட்டினார். நடுவில் நின்றார். அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினார். வெட்டு புதுசு; காகிதத்தின் உள்வெள்ளை தெரிந்தது.

"எங்க அது?"

"எலின்னு சொன்னேனே."

"எலி கத்தியா வச்சிருக்கு? எங்க வச்சிருக்கே, பைந்து?"

"அடுப்புல" என்றாள் அவள். மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "எரிச்சுட்டேன். போய்ச் சொல்லுங்க உங்க தங்கச்சி வீட்டுக்கு. ஒரு பக்கமும் இல்ல, ஒரு சாட்சியும் இல்ல. என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கணும்னுதானே நாலு கோலாவோட வந்தீங்க? நாங்க அடிமை வழின்னு ஊர் முன்னாடி, இல்ல, உலகத்து முன்னாடியே போட்டு உடைக்கத்தானே?"

வாத்தியார் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் பைந்துவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நீங்களா? உங்க வீடா? யார் சொன்னா உனக்கு?"

"யார் சொல்லணும்? எங்க வீட்டுப் புத்தகத்துல எங்க ஆளுங்க பேரு. நாலாவது எங்க தாத்தா தாபோ."

"உங்க ஆளுங்க இல்ல, தங்கச்சி. தாபோன்னு இந்த ஊர்ல எத்தனையோ பேர். உங்க வீட்ல வேலை செய்யக் கொண்டுவந்து வச்சிருந்த ஆளுங்க. உங்க பாட்டனார் வச்சிருந்தவங்க. பத்தாவது பேர் க்பெஸ்ஸி. அவ எங்க அம்மாவுக்குப் பாட்டி."

வெளியே ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"அப்படின்னா... அப்பா மானம்னு சொன்னது?"

"எங்க மானம். எங்களை மாதிரிப் பதினோரு வீட்டு மானம். உங்க அப்பா அதைக் காப்பாத்தினாரு. எங்க அம்மா ஒரு தடவை போய்க் கேட்டா. பக்கம் இருக்கு, பதினோரு பேர் இருக்கு, உங்க பாட்டி பத்தாவதுன்னு இப்படி ஒண்ணு ரெண்டு சொன்னாரு. அதுக்கு மேல வாய் திறந்தா ஆடு நிறுத்தணும், நான் அந்தப் பாவத்துக்கு ஆளாக மாட்டேன்னுட்டாரு. நல்ல மனுஷன்." அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "என் தங்கச்சி தலைவர் வீட்ல வாழப் போனவ. நான் எப்படி வெளிப்படையாக் கேப்பேன்? கல்யாணம் நிக்காது, பயப்படாதே. உன் மாப்பிள்ளை உடம்புல ஓடுறதும் அந்த க்பெஸ்ஸி ரத்தம்தான். நான் போய் அதைக் கெடுப்பேனா?"

முப்பத்தைந்து வருஷமாகத் தலை குனிந்து நடந்தாள்; தன் வீடு மற்றவர்களைக் குனிய வைத்த வீடு என்பது இப்போதுதான் தெரிகிறது. லாரியிலிருந்து இறங்கச் சொல்லி அவளைக் காப்பாற்றிய அதே புத்திதான் இதையும் செய்தது. தன் புத்தி மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"பின்ன எதுக்குண்ணே அந்தக் குறிக்கு நம்பர் வேணும்னு நின்னீங்க? மூடி மறைச்சுட்டுப் போயிருக்கலாமே?"

"அவ இருந்ததுக்கு வேற அடையாளம் எங்க இருக்கு? கல்லறை இல்ல, படம் இல்ல. அந்த ஒரு வரிதான். அந்தக் குறியை விட்டுட்டு அந்த வரியை எழுத முடியாது."

ஒருவழியாக ஜெனரேட்டரை ஓடவிட்டு, லூசியா வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். புத்தகத்தின் அறுபட்ட இடத்தையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் பைந்து முந்திக்கொண்டாள்.

"பக்கம் போச்சு. நான்தான் எரிச்சேன். ஆனா என் கண்ணுல இருக்கு. எழுதித் தரட்டுமா?"

"பழைய பக்கத்துக்கு அது ஈடு ஆகாது" என்றாள் லூசியா. "நேர்ல பார்த்தவங்க சாட்சின்னு சேத்து அனுப்பலாம். யார் வீட்டுப் புத்தகம், என்ன எழுதியிருந்துச்சு, ஏன் இப்ப இல்லைன்னு உங்க பேரைப் போட்டுச் சொல்லணும். எல்லாரும் படிப்பாங்க. சம்மதமா?"

"எங்க வீடு என்ன செஞ்சுதுன்னு படிக்கட்டும்."

அவள் உட்கார்ந்து எழுதினாள். முதலில் அந்தக் குறி, பெரிதாக, கோணல் இல்லாமல். பிறகு பெயர்கள். ஒன்றுக்குக்கூட அவள் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் பயத்தோடு திருட்டுத்தனமாகப் படித்த பெயர்கள், எங்கே போகும்? நான்காவது தாபோ. ஏழாவது மான்ஜா. பத்தாவது க்பெஸ்ஸி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியைப் போட்டாள். லூசியா அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்தாள். மடிக்கணினித் திரையில் குறி வந்து நின்றது.

"வடிவம் அந்த நூலகப் பிரதியோட அப்படியே ஒத்துப்போகுது" என்றாள் லூசியா. அவள் குரலில் முதல் தடவையாக உற்சாகம் இருந்தது. "நான் காட்டினது அச்சு வடிவம்தான்; அந்தப் பிரதியில இருக்கிற கைச்சுழிப்பைப் பாக்க உங்களுக்கு வழியே இல்ல. இது கிடைச்சிடும்னு நினைக்கிறேன், வாத்தியாரே. இந்தக் குறிக்கு நம்பர் கிடைச்சிடும்."

வாத்தியார் திரையைப் பார்க்கவில்லை. பைந்து எழுதிய தாளைக் கையில் எடுத்துப் பத்தாவது வரியில் விரலை வைத்தார். பெயரைத் தாண்டி, குறியைத் தாண்டி விரல் வெற்றுத் தாளில் போய் நின்றது.

"இதுக்கப்புறம் எழுது, தங்கச்சி."

"எதுக்கப்புறம்?"

"குறிக்கப்புறம். ஒவ்வொருத்தரையும் எந்த ஊர்லேருந்து கொண்டுவந்தாங்கன்னு எழுதியிருக்குன்னு உங்க அப்பா எங்க அம்மாகிட்ட சொன்னாராம். ஊரைத்தான் சொல்ல மாட்டேன்னுட்டாரு. அந்த ஊர்ல எங்க ஆளுங்க இன்னும் இருப்பாங்க. சாகிறதுக்குள்ள ஒரு தடவை போய், நான் க்பெஸ்ஸி வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான் அஞ்சு நிமிஷம் கேட்டேன்."

பைந்து பேனாவை எடுத்தாள். உண்மைதான், வரிகள் குறியோடு முடியவில்லை. ஓரம் வரைக்கும் மை ஓடியிருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் குறி வந்ததும் அவள் கண் கூசி அடுத்த வரிக்குப் போய்விடும். எத்தனை தடவை எடுத்துப் படித்திருப்பாள்? ஒரு தடவைகூட அதற்கு மேல் படித்ததில்லை.

"முதல் எழுத்தாவது?" என்றார் வாத்தியார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெயர் வந்தது. குறி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.